வைகை என்னும் பிரிண்டர்

ஜனவரி 20, 1997. திங்கள்

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டரையும் மதுரைக்காரம்மாவின் கம்ப்யூட்டரையும் இன்று டெலிபோன் லைன் வழியாக இணைத்தார்கள். இணைத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்ததுமே நான் அவசரப்பட்டு ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்துவிட்டேன். எல்லோரும் தின்று கை துடைத்த பிறகுதான் சாமுவேல் வாயைத் திறந்தான். எங்கள் பெரிய மிஷினைக் கட்டி மேய்க்கிறவன் அவன்தான். பாளையங்கோட்டைக்காரன். பம்பாயில் ஒரு பேங்கில் இதே மாதிரி மிஷினோடு பல வருஷம் இருந்துவிட்டு வந்தவன்.

"முதலாளி, லைன் வந்துட்டு. ஆனா மதுரையில இருக்கிற ஒரு சாமானும் நம்ம மிஷினுக்குத் தெரியாது."

"இதை லட்டுக்கு முன்னாடி சொல்றதுக்கென்னப்பா?"

"முன்னாடி சொன்னா லட்டு வந்திருக்காதுல்லா."

அப்புறம் உட்கார வைத்து விளக்கினான். ஒவ்வொரு மிஷினும் தன் நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர், டெர்மினல், புரோகிராம் எல்லாவற்றுக்கும் எஜமான். அடுத்தவன் நெட்வொர்க்கில் இருப்பதைத் தொட வேண்டுமானால், அதன் பெயர் என்ன, அது எந்த மிஷினின் பொறுப்பில் இருக்கிறது என்று நம் மிஷினுக்குள் எழுதி வைக்க வேண்டும். அவர்களும் நம் சாமானுக்கு அதே மாதிரி எழுத வேண்டும். இரண்டு பக்கமும் எழுதினால்தான் பேச்சுவார்த்தை.

சாமுவேல் படம் வேறு போட்டான். படம் தேவையே இல்லை. பஞ்சு வியாபாரத்தில் நான் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன். திருப்பூர்க்காரன் கிடங்கில் கிடக்கிற மூட்டையை உடுமலைக்காரனுக்கு விற்பேன். மூட்டையை நான் கண்ணால் பார்த்தது கூட இருக்காது. என்ன ரகம், யார் கிடங்கு, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். பூட்டைத் திறப்பது கிடங்குக்காரன் வேலை.

"அப்ப பேரையும் கிடங்கையும் எழுதீரலாமே."

"பேரை மதுரையில சொல்லணும்லா, முதலாளி."

அதுவும் சரிதான்.

ஜனவரி 21

குறிஞ்சி மில் மேனேஜர் ராமபத்ரன் வந்தார். உட்காரவில்லை. உட்காராத வாடிக்கையாளர் நல்ல சேதி கொண்டுவருவதில்லை.

இந்த மில்லுக்கு நாங்கள்தான் சம்பளக் கணக்குப் போடுகிறோம். வத்தலகுண்டில் புது யூனிட் திறந்திருக்கிறார்கள், தொள்ளாயிரம் பேர். அவர்கள் சம்பளச் சீட்டை இங்கே அச்சடித்து பஸ் பார்சலில் அனுப்புவோம். போன மாசம் பார்சல் போடிக்குப் போய்விட்டது. சீட்டில்லாமல் சம்பளக் கவர் வாங்க மாட்டோம் என்று தொழிலாளிகள் கேட்டில் நின்றுவிட்டார்கள். நியாயம்தானே, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று தெரியாமல் யார் வாங்குவான்? இனிமேல் பார்சல் வேண்டாம், மதுரையிலேயே அச்சடித்துக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குத்தான் இந்த லைன்.

"பிப்ரவரி ஏழாந்தேதி சீட்டு கையில இருக்கோணும், சென்னியப்பன். இல்லீன்னா மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுத்துருவோம். பேசி வெச்சாச்சு."

குறிஞ்சி போனால் பாதி வேலை போன மாதிரி. மிஷின் ரூமுக்கு ஏ.சி. ஓட்டவே முடியாது. ஆளையும் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த மிஷினை ஏலத்தில் எடுத்தபோது ஊரே சிரித்தது. ஒரு பெரிய ஆபீஸ் பழசென்று கழித்துக் கட்டியதை நான் இரும்பாகத்தான் எடுத்தேன். பிரித்து விற்கலாம் என்று போனவன், ஓடும் போலிருக்கிறதே என்று ஓட்டிவிட்டேன். சிரித்தவர்கள் எல்லாம் இப்போது சம்பளக் கணக்குக்கு என்னிடம் வருகிறார்கள். அவர்கள் மறுபடி சிரிப்பதற்கு நான் இடம் கொடுக்கப்போவதில்லை.

ஜனவரி 22

மதுரைக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். பெயர் மங்கையர்க்கரசி. வீட்டுக்காரர் ஆரம்பித்த கம்ப்யூட்டர் சர்வீஸ், அவர் போன பிறகு இந்தம்மா இரண்டு மடங்காக்கியிருக்கிறது. பஸ் கம்பெனிகளுக்கு வசூல் கணக்கு போடுகிறார்கள். வத்தலகுண்டு கதையைச் சொல்லித்தான் லைனுக்கே சம்மதம் வாங்கியிருந்தேன். கணக்கில் பட்டம் வாங்கியதாம். அதுவே கீபோர்டில் உட்காருமாம்.

"அண்ணே, சொல்லுங்கண்ணே" என்று எடுத்தது.

மதுரையில் ரோட்டில் போகிறவரையும் அண்ணே என்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் கொஞ்சம் உறுத்தியது. எனக்கு ஐம்பத்தாறுதான். அந்தம்மாவுக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

"உங்ககிட்ட என்னென்ன சாமான் இருக்குதுங்க? பேரு சொன்னா எழுதிக்குவோம்."

"நீங்க சொல்லுங்கண்ணே முதல்ல."

"இல்லீங்க, நீங்களே சொல்லுங்க."

"ஊருக்குப் பெரியவுக, நீங்க சொல்லுங்கண்ணே."

இப்படியே எஸ்.டி.டி. பில் ஏறியது. கடைசியில் நான் இரண்டு பெயர் சொன்னேன், அந்தம்மா இரண்டு சொன்னது. எங்களிடம் இருபதுக்கு மேல் இருக்கிறது. அங்கேயும் குறையாது. கிடங்கில் இருப்பதை எல்லாம் முதல் பேச்சிலேயே சொல்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை, பார்த்திருந்தாலும் மதித்திருக்க மாட்டேன்.

எங்கள் பக்கம் முக்கியமானது 'சம்பளம்'. சம்பளக் கணக்குப் புரோகிராமின் பெயர் அதுதான். மிஷின் எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடாது. இங்கிலீஷில் எழுதினால் சரியாக எட்டு. அங்கே முக்கியமானது வேகமான ஒரு பெரிய பிரிண்டர். அதற்கு 'வைகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"வைகைன்னு பேர் வெச்சா தண்ணி வருமுங்களா?"

"பேப்பர் வருதுண்ணே. ஆத்துல இல்லாததெல்லாம் அதுல வரும்."

பதில் சொல்லத் தெரிந்த பெண்பிள்ளை.

ஜனவரி 23

தைப்பூசம். பழனி ரோடு பூராவும் காவடி. ஆபீஸ் லீவு.

ஜனவரி 24

சாமுவேல் வைகையை எழுத உட்கார்ந்தான். 'உரிமை: மதுரை மிஷின்' என்று போடப்போனான். நிறுத்தினேன்.

விஷயம் இதுதான். அடுத்தவர் பிரிண்டரில் எத்தனை பக்கம் அடித்தோம் என்று மிஷினே குறித்துக்கொள்ளுமாம், அதை வைத்துத்தான் மாசக் கடைசியில் பில். வைகையை எங்களுடையது என்று எழுதிவிட்டால் கணக்கில் ஏறாதல்லவா? அந்தம்மா குறித்து வைத்திருந்தால் கொடுத்துவிடலாம். குறிக்கவில்லையென்றால் அது அவர்கள் கவனக்குறைவு.

"முதலாளி, அப்படி எழுதினா வேலை செய்யாது."

"ஏன் செய்யாது?"

"நம்ம சாமான்னு எழுதினா மிஷின் நம்ம வீட்டுக்குள்ளயே தேடும். மதுரைக்குப் போகவே போகாது."

"இங்க இல்லீன்னா அங்க போய்த் தேடிக்கும். இத்தனை பெரிய மிஷினுக்கு அந்த அறிவு இருக்காதா?"

"இருக்காது, முதலாளி. நீங்க என்ன சொன்னீகளோ அதை அப்படியே நம்பும்."

"அப்ப நல்லதாப் போச்சு. எழுது."

எழுதினான். எழுதும்போது அவன் முகம் கசாயம் குடித்த மாதிரி இருந்தது. தன் அம்மா போன பிறகு வீட்டையும் ஆபீஸ் கணக்கையும் பார்க்கிற என் மகள் பூங்கோதை பக்கத்து மேஜையில் இருந்தபடி, "ஏனுங்கப்பா, அடுத்த வீட்டு மாட்டை நம்ம கொட்டாய்ல கட்டின மாதிரி இருக்குதுங்களே" என்றாள்.

கட்டவில்லை. கட்டியதாக எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜனவரி 28

சோதனை ஓட்டம். சம்பளம் வைகையைக் கேட்டது. மிஷின் நம் வீட்டுக்குள்ளேயே தேடியது. இல்லை என்றது. மறுபடி கேட்டோம். மறுபடி இல்லை.

சாமுவேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எப்படி என்று அவனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அத்தனை சத்தமாகச் சொல்லாமல் இருந்தான்.

ஜனவரி 29

"மாத்தீரு" என்றேன்.

"எதை முதலாளி?"

"எதைன்னு உனக்குத் தெரியாதா?"

"வாயால சொன்னாத்தான் நான் கை வைப்பேன்."

"வைகை மதுரைதுன்னு எழுதுப்பா."

எழுதிவிட்டான். கண்ணில் மட்டும் சிரித்தான். பூங்கோதை வாய்விட்டே சிரித்தாள்.

ஜனவரி 31

இப்போது கேள்வி ஒழுங்காக மதுரை வரைக்கும் போகிறது. போய்த் திரும்பி வருகிறது. மதுரை மிஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. சாமுவேல் காலையிலிருந்து கையேட்டைப் புரட்டி, மதியம் சாப்பிடாமல், நாலு மணி வாக்கில் வந்தான்.

"முதலாளி, கண்டுபிடிச்சிட்டேன். நாம 'சம்பளம் பேசுதேன், வைகையைக் குடு'ன்னு போறோம். மதுரை மிஷின், 'சம்பளமா? அது எங்க வீட்டுப் பிள்ளையாச்சே, வெளியிலிருந்து எப்படி வரும்'னு திருப்பி அனுப்புது."

"அப்படின்னா?"

"அந்தம்மா நம்ம சம்பளத்தைத் தன்னோடதுன்னு எழுதியிருக்காங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் இரவும் பகலும் உட்கார்ந்து, நாலு புரோகிராமரை வைத்து, மில் மில்லாகப் போய் விதிமுறை கேட்டுக் கட்டின புரோகிராம். அதை ஒருத்தர் நோகாமல் தன் பெயரில் எழுதிக்கொள்வதாவது. இதற்குப் பெயர் திருட்டு. வேறு பெயர் எனக்குத் தெரியாது. அடுத்தவர் சொத்தைத் தன்னுடையது என்று எழுத ஒரு மனிதருக்கு எப்படிக் கை வரும்?

சாமுவேலும் பூங்கோதையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். என்னைப் பார்க்கவில்லை.

நான் செய்தது வேறு. ஒரு பிரிண்டர். அதுவும் ஐந்து நாள்.

பிப்ரவரி 1

போன் செய்தேன். "நேர்ல வாங்கண்ணே, போன்ல பேசற விஷயமில்ல" என்றது. வருகிறேன் என்று வைத்தேன்.

பிப்ரவரி 2. ஞாயிறு

தலைக்குச் சாயம் போட்டேன். ரொம்ப நாளாகப் போட வேண்டும் என்று இருந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று புதிதாக எடுத்தேன். பழையதில் காலர் நைந்துவிட்டது.

"சண்டைக்குப் போறதுக்கு எதுக்குங்கப்பா புதுச் சட்டை?" என்று பூங்கோதை கேட்டாள்.

எதிராளி நம்மை லேசாக எடைபோடக் கூடாது. வியாபாரத்தில் இது பாலபாடம். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பிப்ரவரி 3

மதுரை. ஆபீஸ் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடி. சுத்தமாக இருந்தது. மிஷின் ரூம் எங்களுடையதைவிடச் சின்னது. குளிர் சரியாக வைத்திருக்கிறார்கள். வைகை ஒரு ஓரத்தில் நின்று பஸ் வசூல் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல பிரிண்டர். என்னுடையது என்று எழுதியதில் தப்பே இல்லை என்று தோன்றியது.

அந்தம்மா கண்ணாடி போட்டிருந்தது. உட்காரச் சொன்னது. காபி வந்தது. நான் காபியைத் தொடவில்லை. கோபமாக இருக்கிறேன் என்று காட்ட வேண்டுமே.

"எங்க சம்பளத்தை உங்களுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா" என்றது. மறுக்கும் என்று நினைத்து நான் தயார் செய்துகொண்டு போன பேச்சு முழுக்க வீணாகிவிட்டது.

"ஏனுங்க எழுதினீங்க?"

"திண்டுக்கல்ல ஒரு பூட்டுக் கம்பெனி சம்பளக் கணக்குப் போடணும்னு வந்தாக. எங்கட்ட இருக்குன்னு சொல்லிட்டேன். அடுத்த ஊர் மிஷின்ல இருக்குன்னு சொன்னா நேரா அடுத்த ஊருக்குப் போயிருவாக. எங்க டெர்மினல்ல எங்க பேர்ல தெரியட்டும்னு எழுதினேன். சரி, வைகையை நீங்க என்ன பண்ணி வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்களே."

என்கூட வந்திருந்த சாமுவேலுக்கு இருமல் வந்துவிட்டது.

"பேர் சொல்லி முதல் ஒரு வாரம் உங்க ஊர்லருந்து வைகையைக் கேட்டு ஒரு ஈ காக்கா வரல. பிரிண்டர் வேணும்னு லைன் போட்டவுக பிரிண்டரைக் கேக்கவே இல்லைன்னா என்ன அர்த்தம்? அது தன் வீட்லயே இருக்குன்னு உங்க மிஷின் நெனச்சிருக்கு. அப்படி நெனைக்க வச்சது யாரு?"

"வெள்ளிக்கிழமை ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சுங்க. அப்புறமாத் திருத்தியாச்சு."

"நீங்க வெள்ளிக்கிழமையா? நான் புதன்கிழமையே எழுதிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தது. முந்திக்கொண்டதில் அப்படி ஒரு பெருமை. நானும் சிரித்திருப்பேன், சாமுவேல் பக்கத்தில் இருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் பட்டென்று, "முதல்ல சம்பளத்தை அழியுங்க, அப்புறம் பேசுவோம்" என்றேன். "பூட்டுக் கம்பெனிக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் அழிக்கிறேன்" என்றது. அழித்தால்தான் வழி என்றேன். வழி சொன்னால்தான் அழிப்பு என்றது. குரல் ஏறியது. "பாருங்க சென்னியப்பன் சார்" என்று ஆரம்பித்தது. அண்ணே சாராகிவிட்டால் கோபம் முற்றிவிட்டது என்று அர்த்தம். இருந்தாலும் காதுக்கு அது பரவாயில்லாமல் இருந்தது.

எழுந்து வந்துவிட்டேன். காபியும் போயிற்று. நல்ல வாசனையாக இருந்தது.

பிப்ரவரி 4

ராமபத்ரன் போன். மெட்ராஸ் கம்பெனி ஆள் வியாழக்கிழமை ரயிலேறுகிறானாம். "சும்மா பாத்துட்டுப் போகத்தான்" என்றார். மாடு வாங்க வருகிறவன்கூடச் சும்மா பார்க்கத்தான் வருவான்.

பஸ் பார்சலில் அனுப்பலாமா என்று யோசித்தேன். ராமபத்ரனுக்குக் கொடுத்த வாக்கு அதுவல்ல. சாமுவேல் மூன்று தரம் என் ரூம் வாசல் வரை வந்து மூன்று தரமும் திரும்பிப் போனான். நாலாவது தரம் நானே கூப்பிட்டேன்.

"பூட்டுக் கம்பெனிக்கு நம்ம சம்பளத்தைக் குடுத்தா என்னப்பா ஆகும்?"

"நமக்கு வேலை கூடும், முதலாளி."

"அந்தம்மா பேருக்கு வாடிக்கை போயிருமே."

"இப்ப அந்தக் கம்பெனி நம்ம வாடிக்கையா?"

இல்லை. என்றாலும் இல்லாத வாடிக்கையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. நாளைக் காலையில் போன் செய்யலாம் என்று இருக்கிறேன். அதற்குள் அங்கிருந்தே வந்தாலும் வரலாம். முதலில் போன் செய்கிறவர் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும்.

பிப்ரவரி 5

போன் வரவில்லை. ஆளே வந்துவிட்டது.

பத்தரைக்கு நான் ஆபீசில் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மங்கையர்க்கரசி அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். முதல் பஸ்ஸில் கிளம்பியிருக்கிறார். முகம் வாடியிருந்தது. பூங்கோதை நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"அழிச்சுட்டேன்" என்றார்.

"எதையுங்க?"

"உங்க சம்பளத்தை. காலைல கிளம்புறதுக்கு முன்னாடியே அழிச்சு, கோயம்புத்தூர் மிஷினோடதுன்னு ஒழுங்கா எழுதிட்டேன். அடிச்சுப் பாருங்க. வைகையில பேப்பர் ஏத்தி வச்சிருக்கு, ஆபீஸ்ல ஆள் நிக்குது."

"நான் உங்களுக்கு ஒண்ணும் குடுக்கறதாச் சொல்லலீங்களே."

"சொல்லல."

"அப்புறம் எதுக்குங்க அழிச்சீங்க?"

"தொள்ளாயிரம் பேர் சம்பளம். நம்ம ரெண்டு பேர் வீம்புக்கு அவுக எதுக்குக் கேட்ல நிக்கணும்? அதுக்குப் பொறவு உங்ககிட்ட கேக்கலாம்னு பஸ் ஏறினேன். குடுத்தாக் குடுங்க, இல்லைன்னா பூட்டுக்காரவுககிட்டப் போய் இல்லைன்னு சொல்லிட்டுப் போறேன். திங்கக்கிழமை காமிக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். இப்ப காமிக்க எங்கட்ட ஒண்ணுமில்ல."

முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. கையில் இருந்த ஒரே பிடியையும் விட்டுவிட்டு வந்து, விட்டுவிட்டேன் என்றும் சொல்கிறார். எதிரில் இருக்கிறவன் மட்டும் வேறு ஆளாக இருந்திருந்தால், கையைத் துடைத்துக்கொண்டு டாட்டா சொல்லியிருப்பான். நான்கூடப் பத்து வருஷம் முன்னால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

சாமுவேல் ஓடினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தட்டினான். நாங்கள் மூன்று பேரும் இந்தப் பக்கம் நின்றோம். சம்பளம் வைகையைக் கேட்டது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் ஒரு வரி வந்தது, சாமுவேல் கட்டை விரலைத் தூக்கினான். மதுரையிலிருந்து போன். எடுத்தால் அந்தப் பக்கம் பிரிண்டர் சத்தம்தான் கேட்கிறது, ஆள் பேச்சே கேட்கவில்லை. போனை அவரிடம் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"ஓடுது" என்றார்.

மதியத்துக்குள் தொள்ளாயிரமும் அடித்து முடிந்தது. சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப்போனோம். பூங்கோதை முன்னாடியே போய் எங்கள் ஊர் அரிசியும்பருப்பும் சாதம் செய்திருந்தாள். இது என்ன, எப்படிச் செய்வது என்று அவர் கேட்டார், பூங்கோதை சொன்னாள். பாதிக்கு மேல் நான்தான் சொன்னேனாம், பிறகு பூங்கோதை சொல்கிறாள். சமையல்கட்டுப் பக்கமே போகாத மனுஷனுக்கு நெய் எப்போது ஊற்றுவது என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். கேட்கட்டும்.

பூட்டுக் கம்பெனி விஷயத்தில் சனிக்கிழமை மதுரைக்கு வந்து பேசி முடிப்பதாகச் சொன்னேன். "முடியாதுன்னு சொல்ல அம்புட்டுத் தூரம் வர வேண்டாம்" என்றார். "முடியும்னு சொல்லத்தானுங்க வாரேன்" என்றேன்.

பஸ் ஏற்றிவிட நானே போனேன். டிரைவருக்கு வேறு வேலை இருந்தது.

இன்று முழுக்க ஒரு அண்ணேகூட வரவில்லை. நான் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தமில்லை.

பிப்ரவரி 7

வத்தலகுண்டில் சீட்டு கொடுத்தாயிற்று. ஒரு ஆள்கூடக் கேட்டில் நிற்கவில்லை. ராமபத்ரன் போன் செய்து, "மெட்ராஸ்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. வந்தவன் ஊட்டியைப் பாத்துட்டுப் போறானாம்" என்றார். இந்தத் தடவை பேச்சில் ஒரு சிரிப்பு இருந்தது.

லட்டு வாங்கவில்லை. ஒரு தடவை பட்டது போதும்.

பிப்ரவரி 8. சனி

மதுரை. நான், சாமுவேல், பூங்கோதை. பூங்கோதை எதற்கு என்று கேட்டதற்கு, பில் போடுகிறவள் வர வேண்டாமா என்றாள். வழி பூராவும் என் சட்டையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னொன்று புதுசு. ஒன்று வாங்கினால் ஒன்று விலை குறைவு என்றான் கடைக்காரன்.

மங்கையர்க்கரசி எழுதி வைத்தே தயாராக இருந்தார். பேச்சு சட்டென்று நடந்தது. எனக்குத் தெரிந்து, இரண்டு பேரும் கிடங்கில் இருப்பதை முழுக்கச் சொல்லிப் பேசிய முதல் வியாபாரம் இதுதான். எங்கள் இருபத்து மூன்று பெயரையும் சொன்னேன். அவர் பதினேழும் சொன்னார். சொல்லி முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

எல்லாம் முடிகிற நேரத்தில் சாமுவேல் ஒரு யோசனை சொன்னான்.

"அம்மா, முதலாளி, இவ்வளவு பேரையும் நாம எழுதவே வேண்டாம். மிஷின்ல ஒரு வசதி இருக்கு. அதைத் திறந்து விட்டா, அடுத்த நெட்வொர்க்லேருந்து எந்த சாமான் வந்து கேட்டாலும் யாருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மிஷினே தானாப் பதிஞ்சுக்கும். வேலை முடிஞ்சு கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அதுவே அழிச்சிடும். புதுசா ஒண்ணு வாங்கினாலும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். நீங்க மதுரைக்கு வர வேண்டாம், அம்மா கோயம்புத்தூருக்கு வர வேண்டாம்."

"வேண்டாம்" என்றேன்.

"வேண்டாம்" என்றார் மங்கையர்க்கரசி. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தது.

"ஏன் முதலாளி? எல்லா இடத்துலயும் இப்ப அப்படித்தான் செய்யுதாங்க."

"முன்னப்பின்னத் தெரியாதவங்க வந்து பேரு சொன்னா உள்ள விட்டர்றதா? பாதுகாப்பு வேண்டாமா?" என்றேன்.

"அதான தம்பி. கையால எழுதினாத்தான் யாரு யாரோடதுன்னு மனசுல நிக்கும்" என்றார் அவர்.

"அப்ப மாறும்போதெல்லாம் போன்ல சொல்லிக்கிடலாமா?"

"போன்ல சரியாக் கேக்கறதில்லைப்பா."

சாமுவேல் பூங்கோதையைப் பார்த்தான். பூங்கோதை குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

பேசி முடித்தது கீழே.

சம்பளம் எங்கள் மிஷினின் உரிமை. மதுரைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு அதை விற்பது மங்கையர்க்கரசியின் உரிமை, பூட்டுக் கம்பெனி முதல். அந்த வரும்படியில் அவருக்கு அறுபது, எனக்கு நாற்பது. வைகை மதுரையின் உரிமை. குறிஞ்சி மில்லுக்கு அடிக்கும் பக்கம் ஒன்றுக்குப் பதினைந்து பைசா, கணக்கு அவர் மிஷின் சொல்வதே. எந்தச் சாமானையும் வெறும் பெயராக எழுதுவதில்லை. முன்னால் அது எந்த நெட்வொர்க் என்று சேர்த்தே எழுதுவது. தானாகப் பதிவது இரண்டு பக்கமும் கிடையாது. பெயர் சேர்ந்தாலும் நீங்கினாலும் நேரில் வந்து சொல்வது. ஒரு மாசம் நான் மதுரைக்கு, மறு மாசம் அவர் கோயம்புத்தூருக்கு. சேரவோ நீங்கவோ ஒன்றும் இல்லாத மாசத்திலும், ஒன்றும் இல்லை என்பதை நேரில் வந்தே சொல்வது. அன்றைக்குச் சாப்பாடு உள்ளூர்க்காரர் பொறுப்பு.